ஓய்வுநாளும் உழைப்பாளர் நம்பிக்கையும்: இலங்கை வரலாற்றினூடாக ஒரு நோக்கு

1

தொழில் செய்யும் இடத்திலே ஒருவருடைய சமய நம்பிக்கையை மதித்தல் வேண்டும் என்னும் கருத்தை இன்று வெளிப்படையாக மறுப்பார் எவருமிலர். அரசாங்க அலுவலகம் முதல் தனியார் நிறுவனம் வரை எல்லாவிடத்தும் அது ஒரு நல்லொழுக்கமாகவே பேசப்படுகின்றது. ஆயின், மதித்தல் என்பது யாது? பிறர் நம்பிக்கையை இகழாதிருத்தலா? பண்டிகை நாளில் வாழ்த்துக் கூறுதலா? இவை மனப்பாங்கு சார்ந்தவை. வரலாற்றை ஆராய்வோனின் அளவுகோலுக்கு இவை எளிதில் அகப்படுவதில்லை.

தொழிற்றலத்திலே நம்பிக்கை எப்பொழுதும் பருப்பொருளான சில தேவைகளாகவே வெளிப்படுகின்றது. ஓர் உழைப்பாளிக்குத் தன் சமயக் கடனை ஆற்றுவதற்கு வேலைநேரத்திலிருந்து ஒரு பொழுது வேண்டும். அப்பொழுதின் காரணமாக அவரது கூலி குறையாதிருத்தல் வேண்டும். தன் நம்பிக்கையின் அடையாளத்தைத் தாங்கியவாறே அவர் வேலைக்கு வரக்கூடியதாயிருத்தல் வேண்டும். நேரம், கூலி, அடையாளம் ஆகிய இம்மூன்றும் கிடையாதவிடத்து மதிப்பு என்பது சொல்லளவில் நின்றுவிடும்.

இக்கட்டுரை, மேற்கூறிய மூன்றனுள் நேரத்தையே, அதாவது ஓய்வுநாளின் வரலாற்றையே, சிறப்பாக எடுத்துக்கொள்கின்றது. ஏனைய இரண்டும் அதனோடு தொடர்புபடும் அளவுக்கு நோக்கப்படும். இலங்கையில் உழைப்போரின் நம்பிக்கைக்கு அளிக்கப்பட்ட மதிப்பு, பெரும்பாலும் மேலிருந்து வழங்கப்பட்ட சலுகையாக அமைந்ததேயன்றி அவர்தம் உரிமையாக அமையவில்லை. அதனால், வழங்கியவர் வேண்டியபொழுது அதனை மாற்றவும் மீளப்பெறவும் முடிந்தது. இதுவே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2

தொழிலும் வழிபாடும் வெவ்வேறு தலங்களாகப் பிரிந்து நிற்பது முதலாளித்துவ உற்பத்திமுறையோடு தோன்றிய நிலைமையாகும். நிலமானிய சமுதாயத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கண்டி இராச்சியத்திலே விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய கிராமங்களிற் காணியை அனுபவித்தோர், அக்காணிக்கு ஈடாகக் கோயிற் பணிகளைச் செய்தனர். பெரகராவில் மேளம் முழக்குதலும், கூரை வேய்தலும், நிவேதனத்துக்குரியவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர்களது ஊழியமாயின. 1832 ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்ட பின்னரும் கோயிற் காணிகளுக்குரிய ஊழியம் தொடர்ந்தது. 1870 ஆம் ஆண்டின் ஊழியக் காணிகள் தொடர்பான கட்டளைச் சட்டமே அவ்வூழியத்தைப் பணமாக மாற்றிக்கொள்வதற்கு வழிசெய்தது.

இத்தகைய அமைப்பை, சமயமும் தொழிலும் இசைந்து வாழ்ந்த பொற்காலமெனக் கொள்வது தவறாகும். தொழில் சமயத்தின் பெயரால் நடைபெற்றமை, தொழில் செய்தவரின் நம்பிக்கை மதிக்கப்பட்டமைக்குச் சான்றாகாது. யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தை நோக்குமிடத்து இது தெளிவாகும். திருவிழாவுக்கு வேண்டிய பணிகள் பலவற்றைத் தமது உழைப்பால் நிறைவேற்றிய மக்கள், சாதிக் கட்டுப்பாடு காரணமாக அத்திருவிழாவின் மூலமூர்த்தியை அணுகமுடியாதவராய்க் கோயிலின் வெளிவீதியிலே நிறுத்தப்பட்டனர். அவர்களுடைய உழைப்பு ஏற்கப்பட்டது; பக்தி ஏற்கப்படவில்லை. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தமை, இம்முரண்பாடு எத்துணை ஆழமானது என்பதைக் காட்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் பெற்றது. கம்பெனியின் கீழ்ப் பதவி பெற விரும்பிய உள்ளூரார், சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் பெற்றோராய் இருத்தல் வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. பலர் பெயரளவிற் கிறித்தவராகி, வீட்டிலே தம் முன்னோர் வழிபாட்டைத் தொடர்ந்தனர். பதவிக்காக ஒரு முகமும் வீட்டுக்காக ஒரு முகமும் பூணும் இவ்விரட்டை வாழ்க்கை, நம்பிக்கையைத் தொழிலுக்கு நிபந்தனையாக்கியதன் விளைவாகும். கத்தோலிக்கர் மீதான கட்டுப்பாடுகள் பிரித்தானியர் ஆட்சியில், 1806 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன.

3

பிரித்தானியர் ஞானஸ்நானத்தைக் கேட்கவில்லை, நாட்காட்டியையே கொண்டுவந்தனர். அரசாங்கக் கந்தோர்களும் வங்கிகளும் நீதிமன்றங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டன. நத்தாரும் பெரிய வெள்ளியும் ஓய்வுநாள்களாயின. இவ்வேற்பாடு சமயச் சார்புடையதாக ஆட்சியாளருக்குத் தோன்றவில்லை. தம் நாட்டில் நிலவிய வழக்கம் உலகத்தின் இயல்பான ஒழுங்கெனவே அவர்களுக்குப் பட்டது. ஆளும் பிரிவினரின் சமயநாள், ‘பொதுவான’ ஓய்வுநாள் என்னும் வேடத்தைப் பூணும்போது, அதற்கு வெளியே நிற்போரின் நாள்கள் மட்டுமே ‘சமயநாள்கள்’ எனப் பிரித்தறியப்படுகின்றன. அவர்கள் விடுமுறை கேட்டாற் சலுகை கேட்பவராகின்றனர். கேளாது நின்றாற் கடமை தவறியவராகின்றனர்.

இந்நிலைமையை மாற்றுவதற்கான முதலாவது பெருவெற்றி 1885 ஆம் ஆண்டிற் கிட்டியது. 1883 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமையாற் பௌத்தரிடையே மனக்கசப்பு வளர்ந்தது. அவர்களின் சார்பாகக் கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று குடியேற்றநாட்டு அமைச்சிடம் முறையிட்டார். அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் வெசாக் தினத்தை விடுமுறையாக்குதலும் ஒன்று. தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில் அக்கோரிக்கை ஏற்கப்பட்டு, 1885 ஏப்ரில் 28 ஆம் நாள் வெசாக் தினம் விடுமுறை நாளாகக் கொண்டாடப்பட்டது. பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அந்நாளிலேயே.

குடியேற்ற ஆட்சிக்கெதிரான உணர்வின் வளர்ச்சியில் இவ்வெற்றி முற்போக்கானதோர் அம்சத்தைக் கொண்டிருந்தது. எனினும் அதன் வர்க்கத் தன்மையையும் மனங்கொள்ளல் வேண்டும். அரசாங்க விடுமுறை என்பது அரசாங்கக் கந்தோரிற் பணியாற்றியோருக்கும் பாடசாலை மாணவருக்கும் வங்கி எழுதுவினைஞருக்கும் பயன்பட்டது. வயலில் நெல் விதைத்தவரையும் துறைமுகத்திற் சுமை தூக்கியவரையும் மலைநாட்டிற் பயிர் வளர்த்தவரையும் அது அதே அளவுக்குத் தொடவில்லை. விடுமுறைப் பட்டியல் நீண்டபோதெல்லாம் இவ்வேறுபாடும் கூடவே நீண்டு வந்துள்ளது.

4

ஆங்கிலேயரின் நாட்காட்டிக்குள்ளும் பௌத்தரின் கோரிக்கைக்குள்ளும் அடங்காத உழைப்பாளர் கூட்டமொன்று இக்காலத்தில் மலைநாட்டிலே பெருகிக்கொண்டிருந்தது. உழைப்பின் அமைப்பு மாறும்போது வழிபாட்டின் அமைப்பும் மாறும் என்பதற்குப் பெருந்தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் போலத் தெளிவான எடுத்துக்காட்டு இந்நாட்டில் வேறில்லை.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோரிற் பெரும்பாலார் பருவகாலத் தொழிலாளர். ஆண்டின் பிற்பகுதியிற் கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பினர். தையிற் சொந்த முற்றத்திலே பொங்கலிடவும், தம் குலதெய்வத்தின் முன் நிற்கவும் அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலராயினும், அவ்வுழைப்பின் பருவம் அவர்களுடைய சமயப் பருவத்தை முற்றாக விழுங்கிவிடவில்லை.

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறையிற் பயிரிட்ட தேயிலை, 1869 இல் தோன்றிய கோப்பி நோயின் பின்னர் மலைநாடெங்கும் பரவியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். ஒவ்வொரு மலையிலும் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தெடுத்தல் வேண்டும். தாமதித்தாற் கொழுந்து முற்றிவிடும். ஆகவே தோட்டத்துக்கு வேண்டியவர் பருவத்துக்கு வந்துபோகும் தொழிலாளரல்லர். குடும்பத்தோடு லயத்திலே தங்கிவிடும் தொழிலாளர். ஊருக்குச் சென்று தெய்வத்தைக் காணமுடியாதவர்கள் தெய்வத்தைத் தோட்டத்துக்குக் கொணர்ந்தனர். லயங்களுக்கு அண்மையில் மாரியம்மன் கோயில்களும், மரத்தடிகளில் முனியாண்டி முதலிய காவற்றெய்வங்களும் நிலைபெற்றன. மாசி மாதத்துக் காமன்கூத்து இரவுப் பொழுதுகளிலே மலைச்சாரலில் ஆடப்பட்டது.

தோட்ட நிருவாகம் இவ்வழிபாடுகளைத் தடுக்கவில்லை. கோயிலுக்கு நிலம் விட்டது. திருவிழாவுக்கு நாள் குறித்தது. துரை தேரடிக்கு வந்து மாலை ஏற்றார். பெரியகங்காணி முதன்மரியாதை பெற்றார். இதனைச் சமய சகிப்புத்தன்மையெனப் புகழ்ந்தோர் உளர். ஆயின் அதே காலத்தில், 1865 ஆம் ஆண்டின் ஊழிய ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. கங்காணி கொடுத்த முற்பணத்துக்குத் தொழிலாளி கட்டுண்டிருந்தார். அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஓடிப்போக முடியாதவருக்குக் கோயில் கட்டிக்கொடுத்தல் இலாபமற்ற செயலன்று. ஊர்த் தெய்வம் தோட்டத்துக்கு வந்துவிட்டால் ஊருக்குப் போகும் ஏக்கம் ஓரளவு தணியும். கங்காணி கோயிலில் முதன்மரியாதை பெற்றால், பிரட்டுக்களத்திலும் அவன் சொல்லுக்கு மதிப்பு ஏறும். விடியற்காலையில் வேலைக்கு எழுப்பிய தப்பும், திருவிழாவிலே சாமிக்கு முழங்கிய தப்பும் ஒன்றாகவே இருந்தமை இவ்விணைவின் புறத்தோற்றமாகும்.

இவ்வாறு கூறுவதால், தொழிலாளரின் நம்பிக்கை துரைமாரின் படைப்பென்று கொள்ளலாகாது. அன்னிய மண்ணிலே தம்மை ஒரு மக்கட் கூட்டமாக உணர்ந்து கொள்வதற்கு அவ்வழிபாடுகளே அவர்களுக்குத் துணைநின்றன. கூத்துக்கும் திருவிழாவுக்கும் ஒன்றுகூடியவர்களே பின்னர்த் தொழிற்சங்கத்துக்கும் ஒன்றுகூடினர். நம்பிக்கை தொழிலாளருடையது, அதற்கு அளிக்கப்பட்ட நேரமோ நிருவாகத்தினுடையது. இவ்வேறுபாடே இங்குக் கருதற்குரியது.

இந்நிலை முற்றாக மறைந்துவிடவில்லை. தீபாவளி முற்பணம் என்பது தோட்டப்புறத்தில் ஆண்டுதோறும் பேச்சுவார்த்தைக்கும் போராட்டத்துக்கும் உரிய பொருளாக இருந்துவந்துள்ளது. பண்டிகைக்காக அளிக்கப்படும் அத்தொகை கொடையன்று. பின்வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகக் கழித்துக்கொள்ளப்படும் கடன். புத்தாடையும் பலகாரமும் வாங்கிய மகிழ்ச்சி ஒருநாளைக்குரியது. கழிவு பல மாதங்களுக்குரியது. மேலும், 2013 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. அதன்மேல் வரவுக்கான ஊக்கக் கொடுப்பனவு 140 ரூபா. வேலை வழங்கப்பட்ட நாள்களில் 75 வீதத்துக்குக் குறையாது வேலைக்குச் சென்றோருக்கே அக்கொடுப்பனவு உரியது. கோயிற் றிருவிழாவுக்கும் நோன்புக்கும் நின்ற நாள்கள் நோய்க்கு நின்ற நாள்களோடு சேர்ந்து இவ்வெல்லையைத் தாண்டுமாயின், இழப்பு அந்நாள்களின் கூலியோடு நில்லாது மாதம் முழுவதற்கும் பரவும். இங்கு எவரும் தொழிலாளியின் நம்பிக்கையை இகழவில்லை. கணக்கேடே அதற்கு விலை குறித்துவிடுகின்றது.

5

விடுதலையின் பின்னர், ஓய்வுநாள் பற்றிய கேள்வி அரசியலரங்கின் நடுவே வந்தது. 1956 இல் வெளியான பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை, அன்னியர் ஆட்சியிற் பௌத்தத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைத் தொகுத்துரைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிறித்தவ ஆட்சியின் எச்சமென்னும் எண்ணம் வலுப்பெற்றது. அவ்வெண்ணம் வரலாற்று முறையில் தவறானதன்று. 1965 இற் பதவியேற்ற டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், அவ்வாண்டின் 17 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின் மூலம் ஞாயிற்றை நீக்கி, போயா நாள்களையே வாராந்த ஓய்வுநாள்களாக்கியது. 1966 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்தது.

போயா நாள்கள் சந்திரனின் நான்கு நிலைகளைச் சார்ந்தவை. ஒரு சாந்திர மாதம் சராசரியாக 29.53 நாள்களைக் கொண்டது. அதனை நான்காகப் பகுத்தால் ஏறத்தாழ 7.38 நாள் வரும். எனவே ஒரு போயாவுக்கும் மறு போயாவுக்கும் இடையிலுள்ள காலம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் அமைந்தது. ஓய்வுநாள் ஒரு கிழமையிற் செவ்வாயாகவும் பின்னொரு கிழமையிற் புதனாகவும் நகர்ந்து சென்றது. இலண்டனிலும் ஏனைய வாணிப நகரங்களிலும் சந்தை திறந்திருந்த நாளிற் கொழும்பு மூடியிருந்தது. அவை மூடியிருந்த ஞாயிறன்று கொழும்பு விழித்திருந்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களை விற்று உணவை இறக்குமதி செய்யும் பொருளாதாரத்துக்கு இது இடையூறாயிற்று.

இம்மாற்றம் பிற சமயத்தவரை ஒரே வகையாகப் பாதிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இந்துக்களின் விரதங்களிற் பல திதியைச் சார்ந்தவை. பூரணையும் அமாவாசையும் அவர்களுக்கும் புனித நாள்கள். இறந்த தந்தையை நினைந்து அமாவாசை விரதம் காக்கும் எழுதுவினைஞருக்குப் புதிய ஒழுங்கு எதிர்பாராத வசதியைத் தந்தது. ஆயின் வெள்ளிக்கிழமை விரதம் முதலியன கிழமையைச் சார்ந்தவை. அவற்றுக்கு அவ்வசதி வாய்க்கவில்லை. முஸ்லிம்களைப் பொறுத்தவரையில், ஞாயிறாயினும் போயாவாயினும் வெள்ளிக்கிழமை நண்பகல் வேலைநேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் அகப்பட்டுக் கிடந்தது. கிறித்தவரோ, தலைமுறை தலைமுறையாகத் தமக்குத் தடையின்றிக் கிடைத்த ஞாயிறு வேலைநாளானபொழுது, ஏனையோர் நெடுங்காலம் அனுபவித்த நெருக்கடியைத் தாமும் அறிந்தனர். நீர்கொழும்பிலும் மன்னாரிலும் வாழ்ந்த ஏழைக் கத்தோலிக்கருக்கு இது ஏகாதிபத்தியத்தின் வீழ்ச்சியாகத் தோன்றியிருக்க முடியாது.

ஓர் அநீதியை அதன் தலைகீழ் வடிவத்தாற் சீர்செய்ய முயன்றமையே இத்திட்டத்தின் அடிப்படைக் குறைபாடாகும். ஒரு சமயத்தின் நாளை எல்லோருக்கும் பொதுநாளாக்கும் முறை அப்படியே இருந்தது; சமயம் மட்டுமே மாறியது. இச்சட்டம் இயற்றப்பட்ட காலத்திலே, நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தின் பெரும்பகுதியை ஈட்டிய தோட்டத் தமிழரிற் பெரும்பாலார், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக வாக்குரிமையற்றோராய் இருந்தனர். ஓய்வுநாள் பற்றிய தீர்மானத்திலே மிகுதியாக உழைத்தோருக்கு வாக்கு இருக்கவில்லை.

1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம், 1971 ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டத்தால் ஞாயிற்றை மீண்டும் ஓய்வுநாளாக்கியது; பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாகத் தொடர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்குள்ளே ஒரு நாட்டின் கிழமை இருமுறை மாறியது. இருமுறையும் தீர்மானித்தது அரசு. தொழிலாளியோ தீர்மானம் அறிவிக்கப்பட்டவர். ஞாயிறு மீண்டும் வந்தது கிறித்தவரின் நாள் என்பதனாலன்று; உலகச் சந்தையின் நாள் என்பதனாலேயே. பெரும்பான்மையினரின் நம்பிக்கை கூட, வாணிபத்தின் தேவையோடு மோதியபோது பின்வாங்க வேண்டியதாயிற்று. முதலாளித்துவம் எச்சமயத்துக்கும் பகையன்று. தன் இலாபத்துக்கு இடையூறு செய்யாதவரை எச்சமயத்தையும் அது மதிக்கும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

6

இவ்விடத்தில், எந்தச் சமயத்துக்கும் உரியதல்லாததும், உழைப்போர் தாமே தமக்கென உரிமை கொண்டாடியதுமான மே தினத்தை நினைத்தல் பொருத்தமாகும். அரசோ தொழில்வழங்குநரோ நல்கிய நாளன்று அது. உலகத் தொழிலாளரின் போராட்டத்தால் வென்றெடுக்கப்பட்டது. இலங்கையில் 1956 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் அது விடுமுறையாக ஏற்கப்பட்டது.

1969 ஆம் ஆண்டு மே முதலாம் நாள் வெசாக்கோடு பொருந்தி வந்தபோது, சமயப் புனிதத்தைக் காரணங்காட்டி அந்நாளில் ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டன. இடதுசாரிகளில் ஒரு பிரிவினர் யாழ்ப்பாணத்திலே தடையை மீறி ஊர்வலம் சென்று பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளாயினர். ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின்னர், 2018 இலும் வெசாக் வாரத்தை முன்னிட்டு மே தின விடுமுறை மே 7 ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

வெசாக் நாளிற் கூச்சலும் ஆரவாரமும் தவிர்க்கப்படல் வேண்டும் என்பது பௌத்த உழைப்பாளர் பலரின் உண்மையான உணர்வாகவும் இருந்திருக்கலாம். அதனை இகழ்தல் முற்போக்காகாது. ஆயின் அவ்வுணர்வைத் தொழிலாளரே தம் சங்கங்களிற் கலந்துபேசி, ஊர்வலத்தின் நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அரசு தானே முந்திக்கொண்டு நாளை நகர்த்தியது. அதனால், நம்பிக்கைக்கு அளிக்கப்பட்ட மதிப்பும் தொழிலாளரின் உரிமையைக் குறைத்த செயலும் ஒரே ஆணையில் அடங்கின. சமய மரியாதை இவ்வாறு பயன்படுத்தப்படுமிடத்து, சமயமே ஐயத்துக்கு ஆளாகின்றது.

7

சட்டங்களை மட்டும் நோக்கினால், இலங்கை உழைப்பாளியின் நம்பிக்கை போதிய பாதுகாப்புப் பெற்றதாகத் தோன்றும். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 9 ஆம் உறுப்புரையிற் பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கின்றது. 10 ஆம் உறுப்புரையும் 14 ஆம் உறுப்புரையும் சமய சுதந்திரத்தை உறுதிப்படுத்துகின்றன. 12 ஆம் உறுப்புரை சமயத்தின் காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது. ஆயின் அடிப்படை உரிமை மீறல் வழக்கு, அரசின் ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே தொடரப்படலாம். தனியார் கடையிலோ தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவருக்கு அவ்வழி நேரடியாகத் திறந்திருக்கவில்லை.

விடுமுறையிலும் இதே பிளவு உண்டு. அரசாங்க ஊழியரான முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்வதற்கு நிருவாக விதிகளில் இடமளிக்கப்பட்டுள்ளது. நோன்பு மாதத்துக்கெனச் சுற்றறிக்கைகளும் வெளியிடப்படுகின்றன. இவை பாராட்டத்தக்கன. தனியார் துறையில் அது பெரும்பாலும் மேலதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழுள்ள விடுமுறைகளுள் தைப்பொங்கலும் நபிகள் நாயகம் பிறந்த தினமும் நத்தாரும் இடம்பெற்றுள்ளன; தீபாவளியோ அரசாங்க, வங்கி விடுமுறையாகவே நின்றுவிட்டது. வங்கி முகாமையாளருக்குத் தீபாவளி உண்டு. புடைவைக்கடைச் சிப்பந்திக்கு அது சட்டப்படி இல்லை. அன்று அவருக்கு ஓய்வு கிடைப்பின், அது முதலாளியின் நல்லெண்ணத்தாற் கிடைப்பது.

அடையாளம் பற்றிய கேள்வி அண்மைக் காலத்திற் கூர்மையடைந்தது. 2019 ஏப்ரில் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், மே மாத இறுதியில் வெளியான பொது நிருவாகச் சுற்றறிக்கையொன்று, அரச அலுவலகங்களிற் பணியாற்றும் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணிதல் வேண்டுமென விதித்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு உட்படப் பலர் ஆட்சேபித்ததன் விளைவாக அடுத்த மாதமே அது திருத்தப்பட்டது. ஒரு சிறு கூட்டத்தின் கொடுஞ்செயலுக்காக, கந்தோரில் அமைதியாக வேலை செய்த பெண்களின் உடை விசாரணைக்குள்ளானமை, அச்சம் எவ்வளவு விரைவிற் சட்டமொழி பேசத் தொடங்குகின்றது என்பதைக் காட்டியது.

இக்குறையைப் பிறர்மேல் மட்டும் ஏற்றி நாம் ஒதுங்கிவிடமுடியாது. 2018 இல் திருகோணமலையில் இந்து மகளிர் பாடசாலையொன்றிலே முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடைபெற்றது; அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நியாயம் கண்டபோதும், 2022 இல் ஓர் ஆசிரியை கடமைக்குத் திரும்பியபோது பிணக்கு மீண்டும் மூண்டது. பாடசாலையின் மரபையும் பண்பாட்டையும் காத்தல் வேண்டும் என்பது எதிர்த்தோரின் வாதம். மிசன் பாடசாலைகளிலே நெற்றியில் திருநீறு அணிதல் பற்றி எழுந்த பிணக்குகளை நம் முன்னோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதை மறந்தாலன்றி அவ்வாதத்தை முன்வைக்க இயலாது. நாடளாவிய அளவிற் சிறுபான்மையராகிய நாம், ஒரு பாடசாலையின் சுவர்களுக்குள்ளே பெரும்பான்மையராகும்போது நடந்துகொள்ளும் முறையே, நாம் கேட்பது நீதியையா அன்றி நமக்கொரு சலுகையையா என்பதைப் புலப்படுத்தும்.

8

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஞானஸ்நானத்தைக் கேட்ட கம்பெனியும், கோயிலுக்கு நிலம் விட்ட துரையும், போயாவைத் தந்து பின் மீட்ட அரசுகளும் ஒரு வகையில் ஒத்தவர்களே. உழைப்பவரின் நம்பிக்கைக்கு எப்பொழுது, எவ்வளவு இடம் என்பதை அவர்களே தீர்மானித்தனர். சர்வதேசத் தொழில் தாபனம் 1957 இல் நிறைவேற்றிய, வணிகத்துறைக்கும் காரியாலயங்களுக்குமான வாராந்த ஓய்வு பற்றிய 106 ஆம் இலக்கச் சமவாயம், ஓய்வுநாள் நாட்டின் மரபோடு இயன்றவரை பொருந்துதல் வேண்டுமெனக் கூறி அமையாது, சமயச் சிறுபான்மையினரின் மரபுகளும் இயன்றவரை மதிக்கப்படல் வேண்டுமெனக் கூறுகின்றது. பொதுநாள் ஒன்று இருக்கலாம். ஆனால் அதற்கு வெளியே நிற்பவருக்கும் கூலி இழவாது தம் நாளைப் பெறும் வழி இருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இதனை நடைமுறைப்படுத்துவதற்கு விடுமுறைப் பட்டியலை மேலும் நீட்டிக்கொண்டே போகவேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் ஆண்டிற் சில நாள்களைத் தன் நம்பிக்கைக்கு ஏற்பத் தானே தெரிந்து, சம்பளத்தோடு பெறும் உரிமை சட்டத்தில் இடம்பெறலாம். நம்பிக்கை இல்லாதவரும் அந்நாள்களைத் தம் விருப்பம்போற் பயன்படுத்தலாம். ஏனெனில் நம்பாதிருத்தலும் மனச்சான்றின் சுதந்திரமேயாகும். பண்டிகைக்கு நின்ற நாள், வரவுக் கணக்கிற் குற்றமாகக் கொள்ளப்படாதிருக்கலாம். இத்தகைய கோரிக்கைகளை மதகுருமாரோ அமைச்சர்களோ அல்லாது, எல்லாச் சமயத்தவரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் தொழிற்சங்கங்களே முன்னெடுத்தல் தகும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்பவரின் வேலையைப் பொங்கலன்று ஓய்வு பெறுபவர் பார்த்துக்கொள்வதும், பொங்கலன்று அவர் வேலையை இவர் பார்த்துக்கொள்வதும் நம் நாட்டுத் தொழிற்றலங்கள் பலவற்றிற் சட்டத்தின் துணையின்றியே நிகழ்ந்துவரும் வழக்கம். அரசு செய்யவேண்டியது அவ்வழக்கத்தை உரிமையாக உறுதிப்படுத்துதலேயாகும்.

விடியற்காலையிலே பிரட்டுக்களத்துக்கு வரும் பெண்ணின் நெற்றியில் மாரியம்மன் கோயில் திருநீறு இருக்கின்றது. அதனை அழிக்கும்படி இன்று எவரும் கூறுவதில்லை. ஆயின் திருவிழாவன்று அவர் கோயிலிலே நின்றால் அன்றைய நாட்கூலிக்கு யாது நேரும் என்னும் கேள்விக்கு நாம் விடைகாணும் வரை, அவருடைய நம்பிக்கையை மதிக்கின்றோம் என்று கூற நமக்குத் தகுதியில்லை.